பூசாத வளைவு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, தாது வருஷப் பஞ்சம் போய் ஏழெட்டு வருஷம் ஆன சமயத்தில், மாவிலங்கேந்தல் என்று ஓர் ஊர் இருந்தது. வேறெங்கோ இருக்கிற ஊர் இல்லை. நாம் உட்கார்ந்திருக்கிற இதே ஊர்தான். அன்றைக்குத் தார் ரோடு கிடையாது, கரண்டு கிடையாது. கண்மாய் இருந்தது, அதில் தண்ணீர் இல்லை. கோயில் இருந்தது, அதற்கு ஓலைக் கூரை. பள்ளிக்கூடம் என்ற பேச்சே இல்லை.

அந்த ஊரில் தொம்மை என்று ஒரு கொத்தனார் இருந்தாராம். அவர் எனக்குப் பூட்டன். என் தாத்தாவைப் பெற்றவர். இந்தக் கதையை எனக்குச் சொன்னது என் அப்பா. அப்பாவுக்குச் சொன்னது அவருடைய அத்தை மதலேனாள். மதலேனாள் தொம்மையின் மூத்த மகள். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தவள். அதனால் நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. குறைத்துச் சொல்வதற்கு இந்த ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊரில் இரண்டு தெரு. மேலத்தெரு, கீழத்தெரு. இரண்டு தெருவும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஒரே சாமியார் கையால் ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். ஆனாலும் கோயிலுக்குள்ளே நடுவில் ஒரு மரக்கிராதி இருந்தது. கிராதிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம். மேலத்தெருவுக்கு நாட்டாண்மை சிங்கராயர். அவர் சொன்னால் சாமியாரே ஒரு நிமிஷம் யோசிப்பாராம்.

கீழத்தெருவில் முக்கால்வாசிப் பேருக்குக் கட்டட வேலை. அந்த வேலையில் ஒரு முறை இருந்தது. அதைச் சொல்லாமல் கதை விளங்காது, கேட்டுக்கொள்ளுங்கள். வளைவு தூக்கும்போது அடியில் மரத்தை வளைத்துச் சட்டம் வைப்பார்கள். சட்டத்தைத் தாங்கக் கம்பு கொடுப்பார்கள். கம்புக்கு அடியில் ஆப்பு அடிப்பார்கள். சுண்ணாம்பு இறுகியதும் ஆப்பைத் தட்டி எடுத்தால் கம்பு விலகும், சட்டம் இறங்கும், வளைவு தன் காலில் நிற்கும். இன்றைக்கு சென்ட்ரிங் பிரிக்கிறது என்கிறோமே, அதுதான்.

அந்த ஆப்பை வேறு யாரும் தொடக் கூடாது. கட்டிய கொத்தன்தான் எடுக்க வேண்டும். வெளியே நின்றும் எடுக்கக் கூடாது. வளைவுக்கு நேர் அடியில், பெண்டாட்டி பிள்ளையோடு நின்று எடுக்க வேண்டும். "என் கை பொய்யின்னா என் வீட்டு மேல விழட்டும்" என்று சொல்லித்தான் முதல் ஆப்பைத் தட்டுவார்களாம்.

வளைவு நின்றதும் வீட்டுக்காரர் ஒரு தட்டில் புது வேட்டியும் வெற்றிலை பாக்கும் வைத்து நீட்டுவார். கொத்தன் அதை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டி வெளியே வருவான். அதோடு கட்டடம் கைமாறிவிட்டது. அதற்குப் பிறகு, தான் கட்டிய அந்த வீட்டுக்குள்ளே அவன் கால் வைக்க முடியாது. தண்ணீர் கேட்டால்கூட வாசலுக்கு வெளியேதான். வேட்டி வாங்கும் நாள்தான் கடைசி நாள்.

தொம்மை அப்படிப் பதினாறு வீடு கட்டி, பதினாறு வேட்டி வாங்கி, பதினாறு தடவை வெளியே வந்தவர்.

அந்தச் சமயத்தில் தயாநாதர் சாமியார் ஊருக்கு வந்தார். சீமையில் பிறந்தவர். அந்தப் பெயர் நம் ஜனங்கள் வைத்தது. நல்ல மனுஷர், பயந்த மனுஷர். பஞ்சத்தில் செத்தவர்களைப் புதைத்துப் புதைத்து அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதாம். அந்த நடுங்குகிற கையால் தன் சொந்த ஊருக்கு ஒரு கடிதம் எழுதினார். "இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் இல்லை" என்று.

அந்த ஊரும் பெரிய பணக்கார ஊர் இல்லையாம். கிழங்கு போட்டுப் பிழைக்கிற ஊர். அங்கே கோயில் மணி கீறிப்போய்க் கிடந்தது. புது மணி வார்க்க வேண்டும் என்று வீடு வீடாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். கடிதத்தைப் பூசையில் வாசித்தபோது ஒரு கிழவி எழுந்து, "நமக்குக் கீறல் மணி போதும்" என்றாளாம். எல்லோரும் சரி என்று சொல்லி, மணிக்கு வைத்திருந்ததைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு கடிதமும் அனுப்பினார்கள். அதில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்கள். சாமியாருடைய பங்கில், அதாவது நம் ஊரில், இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரைக்கு அடியில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

தயாநாதர் அதைப் பீடத்தில் நின்று வாசித்தார். கிராதிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிங்கராயரைப் பார்த்தார்கள். கிராதிக்கு இந்தப் பக்கம் தொம்மை திரும்பித் தன் மகளைப் பார்த்தாராம். மதலேனாளுக்கு அப்போது எட்டு வயது.

வேலை தொடங்கியது. கண்மாய் மண்ணில் செங்கல் அறுத்தார்கள். கடற்கரையிலிருந்து வண்டியில் கிளிஞ்சல் வந்தது, அதைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். தண்ணீர்தான் பெரிய பாடு. கீழத்தெருப் பெண்கள் இரண்டு மைல் நடந்து குடத்தில் கொண்டுவந்து ஊற்றினார்கள். வீட்டுக்குக் குடிக்க ஒரு குடம், சுவருக்கு மூன்று குடம். தொம்மை பெண்டாட்டி சூசையம்மாள் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுமந்தாள். அந்தக் கைப்பிள்ளைதான் என் தாத்தா.

நீளமான உத்தரம் வாங்க வழியில்லை. அதனால் உள்ளே மூன்று வளைவு தூக்கி, அதன்மேல் பனங்கை அடுக்கி ஓடு போடுவது என்று தொம்மைதான் யோசனை சொன்னார். சாமியாருக்கு நம்பிக்கை வரவில்லை.

"நிக்குமா தொம்மை?"

"நான் நிக்கப்போறேன்ல சாமி அடியில. நான் நிக்கிறது அந்த வளைவுக்கும் தெரியும்."

மூன்று வளைவும் எழும்பியது. ஓடும் போட்டாகிவிட்டது. சுண்ணாம்பு இறுக வேண்டியதுதான் பாக்கி. அப்போது ஒரு நாள் காலையில் தொம்மை வேலைக்கு வந்தால், கட்டடத்துக்குப் பின்னால் நாலு ஆட்கள் முளைக்கம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஓலைக்கட்டு கிடக்கிறது.

"இது என்னத்துக்கப்பா?"

"கொட்டகை. உங்க தெருப் பிள்ளைகளுக்கு. நாட்டாமை சொல்லிவிட்டாக."

தொம்மை கரண்டியைக் கீழே வைத்தார். நேரே சிங்கராயர் வீட்டு வாசலுக்குப் போனார். அது அவர் கட்டிய வீடு. வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். சிங்கராயர் வந்தார்.

"என்னடா தொம்மை, வெயிலேறுமுன்ன?"

"கடுதாசியில ஒரே கூரைன்னு எழுதியிருக்குய்யா."

"ஆமா. நானும் கேட்டேன்."

"பின்னால கொட்டகை போடுறாகளே."

"ஓலையும் கூரைதானடா. ஒரே எடம், ஒரே வாத்தியாரு. உள்ள சொல்றது வெளியயும் கேக்கும். உம் பிள்ளைக்குக் காது இருக்குல்ல?"

திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். தொம்மை சிரிக்கவில்லை. அங்கிருந்து சாமியாரிடம் போனார். சாமியார் முகத்தைப் பார்க்காமலே பேசினாராம்.

"தொம்மை, நான் பேசிப் பார்த்துவிட்டேன். பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தால் நாங்கள் வேறு சபைக்குப் போய்விடுவோம் என்கிறார்கள். அறுபது குடும்பம். கொஞ்ச காலம் பொறு. மெதுவாக மாறும்."

"மெதுவான்னா எத்தன வருசம் சாமி? எம் மக கிழவியானதுக்கப்பறமா?"

சாமியார் பதில் சொல்லவில்லை. நான் அவரைத் திட்ட மாட்டேன். செத்துப் போனவர். ஆனால் பதில் சொல்லவில்லை என்பதைச் சொல்லாமலும் விட மாட்டேன்.

தொம்மை திரும்பி வந்து தூக்குக்குண்டு, கரண்டி, மட்டப்பலகை எல்லாவற்றையும் சாக்கில் கட்டினார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். ஆப்பு எடுக்க வரவில்லை. பத்து நாள் ஆயிற்று, வரவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, வரவில்லை.

கட்டடம் நிற்கிறது. உள்ளே நுழைய முடியாது. வாசலிலிருந்து கடைசிச் சுவர் வரைக்கும் கம்பும் சட்டமுமாகக் காடு மாதிரி. பள்ளிக்கூடம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இல்லை.

சிங்கராயர் பரமக்குடிப் பக்கமிருந்து இரண்டு கொத்தன்மாரைக் கூட்டிவந்தார். அவர்கள் வளைவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "நல்ல கை" என்றார்கள். பிறகு கேட்டார்கள்.

"தூக்கினது யாரு?"

"உள்ளூர்க்காரன்."

"இருக்கானா, செத்துட்டானா?"

"இருக்கான்."

"அடியில நின்னானா? வேட்டி வாங்கினானா?"

"இல்ல."

"அப்ப எங்களை ஏன் கூப்பிட்டீக?" என்று சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வண்டிக் கூலிகூட வாங்கவில்லையாம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பஞ்சத்துக்குப் பிறகு அப்படி ஒரு மழை பெய்யவில்லை என்பார்கள். கண்மாய் நிறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். தொம்மை மட்டும் வாசலில் உட்கார்ந்து பள்ளிக்கூடத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சூசையம்மாள் கேட்டாள்.

"மழையப் பாக்குறீகளா, கட்டடத்தப் பாக்குறீகளா?"

"சன்னலுக்கு இன்னும் கதவில்ல, சாரல்ல மரம் நனையுது."

"நனையட்டும். நம்மளுக்கென்ன?"

"என்னன்னு கேக்குறியே. நனைஞ்ச மரத்துல கரையான் ஏறும். ஒரு பக்கக் கம்பு விட்டு, மறுபக்கம் விடலைன்னா வளைவு கோணும். கோணுனா ஒண்ணு போகும். ஒண்ணு போனா மூணும் போகும். ஓட்டோட உக்காந்துரும்."

"அப்ப போயி எடுத்துருங்க."

"எடுத்தா பிள்ளைக ஓலைக்குள்ள."

இப்படி மழைக்காலம் முழுவதும் அவர் கிடந்து வெந்தார். எடுத்தால் பிள்ளைகள் வெளியே. எடுக்காவிட்டால் கட்டடமே இல்லை. சீமையில் ஒரு ஊர் கீறல் மணியை அடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் திறந்தாயிற்று என்ற சேதிக்காகக் காத்திருக்கிறது. அதையும் அவர் நினைத்தார் என்று மதலேனாள் சொல்வாளாம். பிடிவாதக்காரர்தான். என் பூட்டன் என்பதற்காக இல்லை என்று சொல்ல மாட்டேன். நாலு மாதம் முந்தி எடுத்திருந்தால் மரம் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பிடிவாதத்தை அவர் எங்கே கற்றுக்கொண்டார், பதினாறு வாசலில் கற்றுக்கொண்டார்.

மாசி மாதம் சாமியார் தானே கீழத்தெருவுக்கு நடந்து வந்தார்.

"தொம்மை, கம்பில் மண் ஏறியிருக்கிறது. நான் தொட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே போகிறது."

தொம்மை எழுந்து வாசலுக்கு வந்தார்.

"எந்த வளைவு சாமி?"

"கடைசி வளைவு."

"சூசையப்பர் திருநாளுக்கு எடுக்கிறேன். வீட்டோட நிப்பேன். அது எங்க முறை. அதுல யாரும் கை வைக்கக் கூடாது."

"யார் வேண்டாம் என்றது?" என்று சாமியார் சந்தோஷமாகப் போனார். சிங்கராயரும் சந்தோஷப்பட்டார். பித்தளைத் தட்டைப் புளி போட்டு விளக்கி வைக்கச் சொன்னார். நாலு முழம் புது வேட்டி வாங்கிவரச் செய்தார். பின்னால் கொட்டகைக்கு ஓலை வேய ஆட்களுக்கும் சொல்லிவிட்டார்.

சூசையப்பர் திருநாள் வந்தது. பூசை முடிந்தது. மேலத்தெரு ஜனம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நின்றது. சிங்கராயர் கையில் தட்டு. சாமியார் கையில் பெயர் எழுதும் பெரிய புத்தகம்.

தொம்மை வந்தார். கையில் கொட்டாப்புளி, ஆப்புத் தட்டுகிற மரச்சுத்தியல். பின்னால் சூசையம்மாள், இடுப்பில் என் தாத்தா. பக்கத்தில் மதலேனாள். அதற்குப் பின்னால் கீழத்தெருப் பிள்ளைகள். ஒன்று, இரண்டு இல்லை, மதலேனாளையும் சேர்த்துப் பதினெட்டுப் பிள்ளைகள். தலையில் எண்ணெய் வைத்து வாரி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு.

சிங்கராயர் குறுக்கே வந்தார்.

"டேய், வீட்டோட நிக்கிறதுதானடா முறை. தெருவோடயா?"

"அய்யா, இந்தச் சுவத்துக்குத் தண்ணி சுமந்தது எம் பொண்டாட்டி மட்டும் இல்ல. தெருவே சுமந்துச்சு. கட்டினவுக வீடு எதுவோ அது நிக்கணும். இன்னைக்குக் கட்டினவுக வீடு இதுதான்."

"உள்ள போனா வெளிய வரணும்டா. வேட்டி வாங்கிட்டு வெளிய வரணும். அதுவும் முறைதான்."

"வாங்குனா வரணும்யா" என்றாராம் தொம்மை. அவ்வளவுதான் சொன்னார்.

சிங்கராயர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் புத்தகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை பதில் சொல்லாதது நமக்கு உதவியது.

முதல் வளைவு. எல்லோரும் அடியில் நின்றார்கள். "என் கை பொய்யின்னா என் வீட்டு மேல விழட்டும்" என்று தொம்மை சொன்னார். ஆப்பைத் தட்டினார். ஒரு பக்கம், மறு பக்கம். ஒரு பக்கம், மறு பக்கம். சட்டம் முனகிக்கொண்டு இறங்கியது. சுண்ணாம்புத் தூள் பிள்ளைகள் தலையில் மாவு மாதிரி விழுந்தது. ஒரு பயல் தும்மினான். வளைவு நின்றது.

இரண்டாவது வளைவு. "என் கை பொய்யின்னா என் வீட்டு மேல விழட்டும்." ஒரு பக்கம், மறு பக்கம். தூள் விழுந்தது. வளைவு நின்றது.

மூன்றாவது வளைவு. தொம்மை கம்பைக் கொட்டாப்புளியால் லேசாகத் தட்டிப் பார்த்தார். சத்தம் சரியில்லை. இன்னொன்றைத் தட்டினார். அதுவும் சரியில்லை. திரும்பினார்.

"யாரும் இதுக்கு வராதீக. ரெண்டாவதுக்கு அடியிலயே நில்லுங்க. அது நிக்கும்."

மதலேனாள் கேட்டாளாம், "வீட்டோட நிக்கணும்ல அப்பா?"

"நீ அங்கன நின்னாலும் என் வீடுதான். அம்மா கையப் பிடிச்சுக்க."

தனியாகப் போனார். அந்தச் சொல்லைச் சொன்னார். முதல் ஆப்பு வந்தது. இரண்டாவது ஆப்பு வந்தது. மூன்றாவது ஆப்பு மழையில் ஊறி உப்பிக் கிடந்தது, வரவில்லை. ஓங்கி ஒரு அடி அடித்தார். இன்னொரு அடி. மடார் என்று ஒரு சத்தம். கட்டடம் முழுக்கப் புழுதி. வெளியே நின்றவர்கள் "வளைவு விழுந்துட்டு, வளைவு விழுந்துட்டு" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

புழுதி அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் பார்த்தால், வளைவு நிற்கிறது. ஒரு செங்கல் பிசகவில்லை. விழுந்தது மரம். கரையான் தின்ற கம்பு நடுவில் முறிந்து, சட்டம் முழுதும் அப்படியே இறங்கியிருக்கிறது. தொம்மை அதற்கு அடியில்.

கீழத்தெரு ஆட்கள் ஓடிவந்து பிடித்தார்கள். தூக்க முடியவில்லை. இன்னும் ஆள் வேண்டும். வாசலுக்குத் திரும்பி வந்து நின்றவர்களைப் பார்த்துச் சூசையம்மாள் கத்தினாளாம். "வேட்டி குடுக்க வந்தீகளே, கை குடுங்கய்யா!" சிங்கராயர் தட்டைக் கீழே வைத்தார். மேல்துண்டை எடுத்து எறிந்தார். உள்ளே வந்து தோள் கொடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். யார் தோள் யார் மேல் பட்டது என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. சட்டம் எழும்பியது. தொம்மையை இழுத்தார்கள். நெஞ்சு நசுங்கியிருந்தது. மூச்சு இருந்தது.

குனிந்த சிங்கராயரிடம் தொம்மை கேட்டாராம்.

"வளைவு நிக்குதாய்யா?"

"நிக்குதுடா."

"பிள்ளைக உள்ளயா, வெளியயா?"

சிங்கராயர் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது வளைவுக்கு அடியில் பதினெட்டுப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். ஒன்றும் ஓடவில்லை. தலை எல்லாம் வெள்ளை, கன்னத்தில் கண்ணீர்க் கோடு.

"உள்ள" என்றார்.

"வெளிய அனுப்பாதீக."

அப்போதுதான் தயாநாதர் சாமியாருக்கு நாக்கு வந்தது. புழுதித் தரையில் உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் விரித்தார். பேனாவில் மை தொட்டார். "ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லுங்கள்" என்றார். முதல் பெயர் மதலேனாள். பதினெட்டுப் பெயரும் எழுதி முடித்த பிறகுதான் பிள்ளைகளை வீட்டுக்கு விட்டார். அந்தப் புத்தகம் கோயில் பெட்டியில் இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருக்கும்.

தொம்மை ஒன்பது நாள் உயிரோடு இருந்தார். ஒன்பது நாளும் சாயங்காலம் மதலேனாள் வந்ததும் ஒரே கேள்விதான் கேட்பாராம்.

"உள்ளயா, வெளியயா?"

"உள்ள அப்பா."

மேலத்தெருப் பிள்ளைகள் அந்த ஒன்பது நாளும் வரவில்லை. பதினெட்டுப் பேருக்கு மட்டும் சாமியாரே பாடம் சொன்னார். பின்னால் கொட்டகைக்கு யாரும் ஓலை வேயவில்லை.

எட்டாம் நாள் சிங்கராயர் கீழத்தெருவுக்கு வந்தார். அவர் பிறந்து அந்தத் தெருவில் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கையில் அதே தட்டு, அதே வேட்டி. தொம்மை படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் குனிந்து நீட்டினார்.

"வாங்கிக்க தொம்மை. உன் மனசு ஆறட்டும்."

கெட்ட எண்ணத்தில் வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல எண்ணத்தில் வந்தார் என்றும் சொல்ல மாட்டேன். வேட்டி வாங்கிவிட்டால் கட்டடம் கைமாறிவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தொம்மை கையைத் தூக்கித் தட்டைத் தொட்டார். தொட்டு, தள்ளினார்.

"வேலை முடியலய்யா. மூணாவதுக்குப் பூச்சு பாக்கி இருக்கு."

மறுநாள் செத்துப் போனார். கல்லறைத் தோட்டத்திலும் அன்றைக்கு ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் புதைத்தார்கள்.

மேலத்தெருக்காரர்கள் வேறு சபைக்குப் போகவில்லை. தவக்காலம் முடிந்ததும் ஒரு பிள்ளை வந்தது. அப்புறம் நாலு வந்தது. ஆடிக்குள் எல்லாம் வந்துவிட்டது. எங்கே உட்காரும்? உள்ளேதான். வேறு கூரை இல்லை.

மறு வருஷம் வாசல் சுவரில் ஒரு கல் பதித்தார்கள். சீமைப் பங்கின் பெயர், சாமியார் பெயர், "நாட்டாண்மை சிங்கராயர் முயற்சியால்" என்று அவர் பெயர். ஊரெல்லாம் கூடி நின்றது. அதற்குள் மதலேனாள் எழுத்துக் கூட்டி வாசிக்கப் படித்திருந்தாள். கீழத்தெருவில் முதன்முதல் வாசித்தவள் அவள். அவள் கல்லுக்கு முன்னால் போய் விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தாள். கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தாள். வாசித்துவிட்டுத் திரும்பிக் கேட்டாள்.

"எங்கப்பன் பேரு எங்க?"

பிறகு சிங்கராயர் சூசையம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார். "வேட்டியை வாங்கிக்க. பேரை வெட்டச் சொல்றேன். இடம் இருக்கு." தட்டும் தயாராக இருந்தது. சூசையம்மாள் மகளைப் பார்த்தாள். மதலேனாள் போய்த் தட்டைத் தொட்டாள். தொட்டுத் தள்ளினாள்.

"எங்கப்பா பூச்சு பாக்கி இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. வேலை முடியல."

அதனால்தான் அந்தக் கல்லில் கீழே ஒரு வரிக்கு இடம் சும்மா கிடக்கிறது. அதனால்தான் பள்ளிக்கூடத்துக்குள் போனால் முதல் வளைவுக்கும் இரண்டாவது வளைவுக்கும் பூசி வெள்ளை அடித்திருக்கும், மூன்றாவது வளைவு மட்டும் வெறும் செங்கலாக நிற்கும். தொம்மை வளைவு என்று மேலத்தெருக்காரர்களும்தான் சொல்கிறார்கள். எத்தனையோ சாமியார் வந்தார்கள், பூசிவிடலாம் என்றார்கள். எந்தக் கொத்தனும் கரண்டி எடுக்கவில்லை. அதற்கு அடியில்தான் மூன்றாம் வகுப்பு. நான் படித்ததும் அதுவரைக்கும்தான். என்னை நிறுத்திய வாத்தியாரை நான் இன்னும் மறக்கவில்லை, அது வேறு சங்கதி.

அதனால்தான் வருஷா வருஷம் சூசையப்பர் திருநாளில், பூசை முடிந்ததும் ஊர் அந்த வளைவுக்கு அடியில் கூடுகிறது. சிங்கராயர் குடும்பத்தில் மூத்தவர் தட்டில் புது வேட்டி வைத்து நீட்ட வேண்டும். எங்கள் குடும்பத்தில் மூத்தவர் தட்டைத் தொட்டுத் தள்ளி, "வேலை முடியல" என்று சொல்ல வேண்டும். அந்த வேட்டி பிறகு அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் ஏழைப் பிள்ளையின் தகப்பனுக்குப் போகும். மதலேனாள் சொன்னாள், பிறகு என் தாத்தா சொன்னார், அப்பா சொன்னார். முப்பத்தோரு வருஷமாக நான் சொல்கிறேன்.

போன வருஷம் அந்தச் சீமைப் பங்கிலிருந்து ஒன்பது பேர் பார்க்க வந்தார்கள். மாலை போட்டார்கள், கல்லுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிங்கராயரின் எள்ளுப்பேரன் ஜெயசீலன்தான் எல்லாம் சுற்றிக் காட்டினான். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நான் பின்னால் நின்றேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவி பூசாத வளைவைக் காட்டி ஏதோ கேட்டது. ஜெயசீலன் ஏதோ சொன்னான். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "ரிப்பேர் வேலை பாக்கி இருக்குன்னு சொன்னேன் தாத்தா" என்றான்.

அந்தக் கிழவி போகும்போது தன் ஊர்க் கோயில் மணியை போனில் போட்டுக் காட்டியது. எல்லோரும் கேட்டோம். கணீர் என்று இல்லை. டொக்கு டொக்கு என்று கீறல் சத்தம். இன்னும் மாற்றவில்லையாம். எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை.

இந்த வருஷம் திருநாளில் குடும்பத்தில் மூத்தவருக்குப் பதிலாக ஜெயசீலன் தட்டோடு என் முன்னால் நின்றான். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுக்க வந்திருந்தார். ஜெயசீலன் குனிந்து என் காதில் சொன்னான்.

"தாத்தா, இந்தத் தடவை வாங்கிக்கங்களேன். கல்லுல பேரு போட்டுருவோம். பங்குக் கூட்டத்துல பேசியாச்சு. இப்ப யாரு யாரை வெளிய அனுப்பப் போறா?"

நான் கல்லைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தேன். வெறும் செங்கல். ஒன்றும் பிசகவில்லை. பிறகு எதிரே பார்த்தேன். ஜன்னல் வழியாகக் கல்லறைத் தோட்டம் தெரிகிறது. அந்தச் சுவர் இடுப்பளவுக்கு இடிந்திருக்கிறது. இடுப்பளவுக்கு இன்னும் நிற்கிறது.

தட்டைத் தொட்டேன்.

"வேலை முடியல" என்றேன்.

அவன் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பத்திரிகைக்காரர், "சரியாக் கேக்கல ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.